ஆடிட்டர் ஆபீஸா, கோர்ட்டா, ஆலைக் கணக்கா? பி.காம். முடித்த அண்ணன் மகளோடு உட்கார்ந்து போட்ட ஒப்பீடு

அண்ணன் மகள் பி.காம். கடைசி செமஸ்டர் எழுதி முடித்த வாரம், சிம்மக்கல் பக்கத்தில் இருக்கும் என் ஆபீஸுக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள். டாலி என்கிற கணக்கு மென்பொருள் கிளாஸ் நோட்டீஸின் பின்பக்கம் வரிசையாக எழுதியிருந்தாள்: சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்), சி.எம்.ஏ. (அடக்கவிலைக் கணக்கர்), சி.எஸ். (கம்பெனி செக்ரட்டரி), வக்கீல், மெடிக்கல் கோடிங், பேங்க் பரீட்சை. கடைசியில் சின்ன எழுத்தில் "அத்தை ஆபீஸ்". ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு எண்கள், ஒன்று கட்டணம், மற்றது சம்பளம்.

"அத்தை, இதுல எது நல்லதுன்னு ஒண்ணை மட்டும் டிக் பண்ணிக் குடுங்க. அப்பாட்ட காட்டணும்."

என்னால் டிக் பண்ண முடியவில்லை. அவள் எழுதியிருந்த சம்பளமெல்லாம் கோச்சிங் சென்டர் போஸ்டரில் போட்டோவோடு இருக்கும் ஒருசிலருடையது. அதோடு, முடிவெடுக்கத் தேவையான இரண்டு விஷயங்கள் அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. வருமானம் வரும்வரை வீடு எத்தனை வருடம் தாங்க வேண்டும்? காலை பத்து மணியிலிருந்து இரவு வரை அந்த வேலையில் உட்கார்ந்து என்னதான் செய்வோம்? பேனாவை எடுத்து இன்னும் இரண்டு கோடு போட்டேன். அன்று ஆரம்பித்த பேச்சு ஒரு மாதம் ஓடியது. அதே இடத்தில் நிற்கும் பிள்ளைகளும் பெற்றோரும் நிறையப் பேர் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. அண்ணனுக்குத் திருமங்கலத்தில் ஒரு சின்ன எலக்ட்ரிகல் கடை. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. மகன் பிளஸ் டூ. மகள் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பி.காம்.மில் 74 சதவீதம். படிக்க வைக்க அண்ணனுக்கு மனசு உண்டு. ஆனால் நாலு வருடம் ஒரு பைசா வராமல் உட்கார வைக்க முடியாது. மகனுடைய கல்லூரிக் கட்டணமும் அதே வருடங்களில்தான் வருகிறது.

முதலில் சி.ஏ. மதுரையில் கணக்குப் படித்த பிள்ளை என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். 1949-இல் தனிச் சட்டம் போட்டு உண்டாக்கிய படிப்பு. ஒரு கம்பெனிக்கு விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட சி.ஏ.வுக்கு மட்டுமே உரிமை. வருமான வரிக்கான தணிக்கையும் அப்படித்தான். அந்தக் கையெழுத்துக்குள்ள மதிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதன் பாரத்தையும் பார்த்திருக்கிறேன். 2019-லிருந்து ஒவ்வொரு சான்றிதழுக்கும் அறிக்கைக்கும் தனி அடையாள எண் எடுத்துப் போட வேண்டும். எந்த பேங்க் மேனேஜரும் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, இது இவர் கொடுத்ததுதானா என்று சரிபார்க்கலாம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று போட்டுக் கொடுத்த கையெழுத்து பத்து வருடம் கழித்தும் வந்து கதவைத் தட்டும்.

பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் பரீட்சை வேண்டாம், நேரே இரண்டாம் கட்டமான இன்டர். பதிவு செய்து எட்டு மாதம் படிக்க வேண்டும். இரண்டு குரூப், ஆறு தாள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம். தமிழில் எழுத வழியில்லை, ஆங்கிலம் அல்லது இந்தி. 2023-இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது சி.ஏ. ஆபீஸில் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள்ஷிப்பை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கோச்சிங் சென்டரில் இதை முதலில் சொல்வார்கள். கூடவே வந்த இன்னொரு மாற்றத்தை அழுத்திச் சொல்வதில்லை: இப்போது இரண்டு குரூப்பும் பாஸானால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேரவே முடியும். பழைய திட்டத்தில் ஃபவுண்டேஷன் எழுதி வந்தவர்கள் ஒரு குரூப் முடிந்ததும், பட்டதாரிகள் அதற்கும் முன்பே சேர்ந்துவிடலாம். உதவித்தொகை என்று கொஞ்சமாவது கைக்கு வரும், இரண்டாவது குரூப்பை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். இப்போது அந்த ஆறு தாளும் முடியும்வரை பிள்ளை வீட்டில்தான். எல்லாம் முதல் தடவையே பாஸானால்கூட இன்டருக்கு ஒரு வருடம், ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம், ஃபைனலுக்கு ஆறு மாதம் என்று நாலு வருடத்தை நெருங்கிவிடும். முதல் தடவையில் எல்லோருக்கும் வந்துவிடாது. பாஸானவர்களைப் போஸ்டரில் பார்க்கிறோம். எழுதி எழுதி இருபத்தேழு வயதில் அக்கவுண்ட்ஸ் உதவியாளராக வேலை தேடும் பிள்ளைகளை நான் இன்டர்வியூவில் பார்க்கிறேன். அறிவில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள்.

நானே அந்த வழியில் போனவள்தான். ஒரு குரூப் வந்தது, இன்னொன்று வரவில்லை. அப்பா தவறிப்போன வருடம் நிறுத்திவிட்டேன். ஆனால் ஆர்ட்டிகிள்ஷிப்பில் கற்றது இன்றைக்கும் சோறு போடுகிறது. ஒரு மார்ச் 31 இரவு, பருப்பு குடோன் ஒன்றில் சரக்கு எண்ணப் போனோம். அகலத்தில் எட்டு மூட்டை, நீளத்தில் பதினைந்து, உயரம் பன்னிரண்டு. பெருக்கி 1,440 என்று எழுதிவிட்டேன். சீனியர் அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மேல ஏறிப் பாரும்மா" என்றார். ஏறினேன். சுற்றிலும் சுவர் மாதிரி மூட்டை, நடுவில் கிணறு மாதிரிக் குழி. மறுபடி எண்ணினால் 1,200-ஐத் தொடவில்லை. பேங்க்கில் வாங்கிய கடனுக்கு அந்த மூட்டைகள்தான் ஈடு. தணிக்கை என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கொடுத்த கணக்கை நம்பாமல், கொடுத்தவரை அவமதிக்காமல், நாமே ஏறிப் பார்க்கிற வேலை அது.

சி.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: எந்த ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் என்பதைப் பார்த்துச் சேருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஆறு மாதம் வீட்டு வரி கட்டவும், அவர்கள் பிள்ளையை ஸ்கூலில் விடவும்தான் அனுப்பினார்கள். ஆபீஸ் மாறிய பிறகுதான் படிப்பே ஆரம்பித்தது. சேரும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து "அத்தை ஆபீஸ்". கீழமாசி வீதி, நேதாஜி ரோடு, தெற்காவணி மூல வீதிக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போடுகிற வேலை. எல்லோரும் என்னை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஆடிட்டர் இல்லை, தணிக்கை வந்தால் ஒரு சி.ஏ.விடம்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்லிவிடுவேன். பி.காம். பட்டம் இருந்தால் அரசின் ஜி.எஸ்.டி. போர்டலில், வியாபாரிகளுக்காக ரிட்டர்ன் போடும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொள்ளலாம். இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் நுழையக்கூடிய தொழில் இதுதான். இரண்டு வருடம் யாரிடமாவது இருந்து கற்றுக்கொண்டால் சொந்தமாகப் பலகை மாட்டலாம்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து என் மாதத்துக்குக் கிழமை கிடையாது, தேதிதான். 11-ஆம் தேதி விற்பனை விவரம். 14-இல் போர்டலில் இன்புட் பட்டியல் வந்து விழும், அதாவது சரக்கு வாங்கும்போது ஏற்கெனவே கொடுத்த, இப்போது கழித்துக்கொள்ளக்கூடிய வரி. 20-ஆம் தேதி வரியைக் கட்டி 3பி என்கிற மாத ரிட்டர்ன். ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய், வரிபாக்கிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. போன மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். ஸ்வீட் ஸ்டால் ஒன்றுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறவர் தன் ரிட்டர்னைப் போடவில்லை. அவர் போடாவிட்டால் இவருக்கு இன்புட் வராது. ஸ்வீட் ஸ்டால் முதலாளி போனில், "நான் வரியோட காசு குடுத்துட்டேன், பில்லு கையில இருக்கு, நான் ஏன் ரெண்டாவது தடவை கட்டணும்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதில் சொல்ல என்னிடம் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. இன்னொரு வெல்ல மண்டிக்காரருக்கு எல்லாம் தயார், ஓ.டி.பி. மட்டும் வேண்டும். அது கோயம்புத்தூரில் இருக்கும் மகன் நம்பருக்குப் போகிறது. அவன் போன் எடுக்கவில்லை. இரவு பத்தேகாலுக்கு எடுத்தான்.

"தினம் இப்படியா அத்தை?"

"மாசத்துல பத்து நாள் இப்படி. ஜூலை வந்தா தினம்."

மீதி இருபது நாளில் மஞ்சப்பையில் வரும் பில்களைப் பிரிப்பது, பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்பார்ப்பது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, பீபிகுளத்தில் இருக்கும் வருமான வரி ஆபீஸுக்கு நடப்பது. ஃபீஸ் வசூல் பண்ணுவது தனி வேலை. சின்னக் கடைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று பேசியிருப்போம். ஆறு மாதம் சேர்ந்த பிறகு தீபாவளிக்குத்தான் வரும், அதையும் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து இன்று மகன் கல்லாவில் உட்காரும்வரை ஒரே ஆளிடம் கணக்கு கொடுக்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெண் பார்க்கப் போகும் முன் எனக்குப் போன் செய்து, "அந்த வீட்டுல கடன் எதுவும் இருக்காம்மா?" என்று கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் பாதி வேலை.

இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய பயத்தையும் அவளிடம் மறைக்கவில்லை. நம் வருமானம் சட்டத்தின் ஒரு வரியில் தொங்குகிறது. ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்குக்கு சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. சான்று வேண்டும் என்று இருந்தது. 2021-ஆம் வருட நிதிச் சட்டத்தில் அதை எடுத்துவிட்டு, வியாபாரியே உறுதி கொடுத்தால் போதும் என்று மாற்றினார்கள். அதை நம்பி ஆள் போட்டிருந்த ஆபீஸ்கள் அந்த வருடம் ஆளைக் குறைத்தன. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதுச் சட்டம். பிரிவு எண்கள் அத்தனையும் புதுசு. 45 வயதில் மறுபடி மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கிறது. சாதாரண ரிட்டர்னை மெஷினே போட்டுவிடும் காலம் வந்துகொண்டிருக்கிறது. நிலைக்கப்போவது நோட்டீஸுக்குப் பதில் எழுதத் தெரிந்தவர்களும், வியாபாரிக்கு யோசனை சொல்லத் தெரிந்தவர்களும்தான். வெறும் என்ட்ரி போடுகிறவராக நுழைந்து அங்கேயே நின்றுவிட்டால் கஷ்டம். அதனால்தான் சொந்த அத்தையாக இருந்தும் "என் ஆபீஸுக்கே வந்துவிடு" என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்தாலும் கையில் இன்னொரு தகுதியோடு வர வேண்டும்.

வக்கீல் படிப்பு அவளுடைய அம்மாவின் ஆசை. இதை நான் முதலில் லேசாக எடுத்துக்கொண்டேன், பேசப் பேச என் எண்ணம் மாறியது. டிகிரிக்குப் பிறகு மூன்று வருடம். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மார்க் அடிப்படையில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. 2004 ஜூலை 24-இல் மேலூர் ரோட்டில் உயர்நீதிமன்றக் கிளை திறந்ததிலிருந்து, கன்னியாகுமரி முதல் கரூர், தஞ்சாவூர் வரை பதினாலு மாவட்ட வழக்குகள் இங்கே வருகின்றன. வரி வழக்குக்கும் கம்பெனி வழக்குக்கும் கணக்கு தெரிந்த வக்கீலுக்கு நல்ல தேவை இருக்கிறது. பி.காம். படித்த வக்கீலால் பேலன்ஸ் ஷீட்டைப் படித்து அதில் எங்கே ஓட்டை என்று சொல்ல முடியும், அது எல்லோருக்கும் வராது. தமிழ் மீடியம் என்பதும் இங்கே குறையில்லை. கீழ்கோர்ட்டில் சாட்சி விசாரணையிலிருந்து மனு வரை தமிழில் நடக்கிறது. உயர்நீதிமன்றத்துக்குத்தான் ஆங்கிலம் வேண்டும்.

வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணம் ஒரு காலத்தில் பல மாநிலங்களில் பயமுறுத்தும். 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. அது எல்லா சீனியர் ஆபீஸிலும் அப்படியே கைக்கு வந்துவிடும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது, சேரும்போதே பேசிக்கொள்ள வேண்டும். படிப்பு மூன்று வருடம், பார் கவுன்சில் பரீட்சை, அதன்பின் ஜூனியராக நாலைந்து வருடம். பகலில் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு நிற்பது, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை சீனியர் ஆபீஸ். தன் பெயரில் வக்காலத்துப் போட்டு ஒரு கட்சிக்காரர் வருவதற்குள் முப்பது வயது ஆகிவிடும். திருமங்கலத்துக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போகிற பெண்பிள்ளைக்கு அந்தப் பத்து மணியும் ஒரு கணக்குதான். மதுரையிலேயே வீடு, பொறுப்பை ஏற்க வேறொரு சம்பளம் என்று இருந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

இடையில் ஒரு வார்த்தை. பத்திரம் எழுதுகிறவர்களை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பதிவுத்துறை உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் ஒருவர், சர்வே எண்ணைப் பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் ஒத்துப்பார்த்து, கிழக்கே யார் நிலம், மேற்கே பொதுப்பாதையா என்று நான்கு எல்லையும் சொல்லி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அவ்வளவு காசு கட்டிப் பதிவு செய்த ஒரு குடும்பத்தின் சொத்து அந்த நாலு வரியில் நிற்கிறது. ஒரு திசை மாறிப்போய், பேரன் காலம்வரை நடந்த வழக்கு எங்கள் தெருவிலேயே உண்டு. நல்ல தமிழும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அது மதிப்பான தொழில்.

சி.எஸ். என்கிற கம்பெனி செக்ரட்டரி படிப்பைச் சீக்கிரம் ஒதுக்கினோம். படிப்பில் குறை ஒன்றுமில்லை. போர்டு மீட்டிங் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, பங்குதாரர் கூட்டம், அதன்பின் முப்பது நாளில் ஒரு படிவம், அறுபது நாளில் இன்னொன்று என்று சட்டமும் எழுத்தும் சேர்ந்த வேலை. முழுநேர செக்ரட்டரி வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவது பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளையும், செலுத்திய மூலதனம் 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிகளையும்தான். மதுரையில் அந்த அளவில் எத்தனை இருக்கிறது என்று விரல்விட்டு யோசித்தால், சென்னைக்குப் போகத் தயாராக இருப்பவர்களுக்கான படிப்பு என்று புரியும். அவள் போக விரும்பவில்லை.

மெடிக்கல் கோடிங்கும் அமெரிக்கக் கணக்கு வேலையும் அவளுடைய தோழிகள் பாதிப் பேர் போகும் இடம். இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐ.டி. பூங்கா இருப்பதால் ஊரைவிட்டுப் போகாமலே வேலை. அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் என்று குறித்தால், அதை வைத்து அங்கே இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கும். முதல் மாதத்திலிருந்தே சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. வீட்டில் கடன் நெரிக்கிற பிள்ளைகள் அதை எடுத்தால் நான் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் (நோயாளிக் குறிப்பு) முடிக்க வேண்டும், இத்தனை சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று எண்ணுவார்கள். அதே எண் குறிக்கும் வேலையை மென்பொருள் வேகமாகக் கற்றுக்கொண்டு வருகிறது. நம் ஊர் வியாபாரிக்கு உதவும் எதையும் அங்கே கற்க முடியாது என்பது என் தனிப்பட்ட வருத்தம், எல்லோருக்கும் அது பொருந்த வேண்டியதில்லை.

பேங்க் பரீட்சைக்கு நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலையில் இடம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் போட்டி எவ்வளவு என்று தெரிந்துவிடும். எழுதட்டும், அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்று முடித்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது சி.எம்.ஏ. உண்மையைச் சொன்னால் அதை நான் பட்டியலில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோதான் வைத்திருந்தேன். எண்ணத்தை மாற்றியது ஒரு அப்பளக் கம்பெனிக்காரர்.

வில்லாபுரத்தில் வீட்டோடு அப்பளம் போடுகிறார். பேங்க்கில் கடன் வரம்பை உயர்த்தக் கேட்டிருந்தார். அதற்கான கணக்கு விவரத்தை என்னிடம் தயார் செய்யச் சொன்னார். நான் வேறு வேலையில் இருந்ததால், "நீ உட்கார்ந்து கேட்டு எழுதும்மா" என்று அவளிடம் விட்டேன். வழக்கமாக நாங்கள் மூன்று வருட விற்பனை, செலவு, லாபம் என்று கேட்டு நிரப்பிவிடுவோம். அவள் ஒரு மணி நேரம் வேறு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கிலோ உளுந்து மாவுக்கு எத்தனை அப்பளம் வரும்? பெரிய சைஸுக்கு எத்தனை, சின்னதுக்கு எத்தனை? தேய்க்கிற அக்காக்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலியா, நாளுக்கா? காயப்போட்டதில் நூற்றுக்கு எத்தனை விரிசல் விடும்? ஐப்பசி மழையில் வெயில் இல்லாத நாளில் என்ன பண்ணுவீங்க? அவர் முதலில் சலித்துக்கொண்டார், அப்புறம் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். பெரிய சைஸ் பாக்கெட்டில்தான் லாபம். சின்ன சைஸில் தேய்ப்புக் கூலியும் கவர் செலவும் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் உடைசலையும் சேர்த்தால் கையிலிருந்துதான் போகிறது. அவர் இத்தனை வருடமாக உளுந்து விலையும் கூலியும் போக மொத்தமாக மிஞ்சியதை லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். எந்தப் பாக்கெட் சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று யாரும் அவருக்குப் பிரித்துக் காட்டியதில்லை, நான் உட்பட. ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார். பிறகு, "பாப்பா நாளைக்கும் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

அடக்கவிலைக் கணக்கு என்பது இதுதான். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் சி.எம்.ஏ. படிப்பு முழுக்க இதைச் சுற்றித்தான். ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு, எவ்வளவு கழிவு, எத்தனை யூனிட் கரண்ட். அந்த ஆர்டரை இந்த விலைக்கு எடுத்தால் கட்டுமா? மதுரையைச் சுற்றித் திண்டுக்கல், விருதுநகர், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகளும், சிவகாசியில் அச்சகங்களும் இருக்கின்றன. கப்பலூர் தொழிற்பேட்டை திருமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, பஸ் ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது. இந்த வேலை ஆலை ஓடும் இடத்தில் கிடைக்கும். சென்னைக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டுக் கணக்குக்கும் பொருந்துகிறது. பட்டதாரிக்கு ஃபவுண்டேஷன் வேண்டாம். இன்டரில் இரண்டு குரூப், எட்டுத் தாள், ஃபைனலிலும் எட்டு. சி.ஏ.வைவிடத் தாள்கள் அதிகம், பாஸ் மார்க் அதே 40-ம் 50 சதவீதமும்தான். சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. வருடத்தில் ஜூன், டிசம்பர் என்று இரண்டே தடவைதான் பரீட்சை. சி.ஏ.வுக்கு மூன்று தடவை, அந்த வகையில் இது பின்தங்குகிறது. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். 15 மாதப் பயிற்சியை ஆலையின் கணக்குப் பிரிவில் சம்பளத்தோடு முடிக்க வழி இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அதுதான் கட்டாயமான விஷயம்.

குறையையும் அண்ணனிடம் நேராகவே சொன்னேன். வருமான வரித் தணிக்கையில் சி.எம்.ஏ. கையெழுத்துப் போட முடியாது. புதுச் சட்டம் வந்தபோது தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், சேர்க்கவில்லை. அடக்கவிலைத் தணிக்கை கட்டாயமாக உள்ள தொழில்களும் அளவும் குறைவு. சொந்தமாகப் பலகை மாட்டி வாழ்வதற்கு சி.ஏ. அளவுக்கு இது கைகொடுக்காது. ஒரு நிறுவனத்தில் உள்ளே இருந்து வளர்கிறவர்களுக்கான படிப்பு. சொந்தக்காரர்களிடம் சொன்னால் பாதிப் பேர், "சி.ஏ. மாதிரியா?" என்றுதான் கேட்பார்கள்.

அண்ணனும் அதையேதான் கேட்டார். "அவ மார்க்குக்கு சி.ஏ. கெடைக்காதா? நீ விட்டதை அவ முடிக்கட்டுமே."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறைத்தது. என் பாதியை அவள் முடிக்க வேண்டியதில்லை. நாலு வருடம் வீட்டில் உட்கார வைத்துத் தாங்க முடிந்தால், பரீட்சை தவறினாலும் முகம் சுளிக்காமல் இருக்க முடிந்தால், தாராளமாக சி.ஏ. சேருங்கள், நானே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்கிறேன் என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. அண்ணிதான், "தம்பி ஃபீஸு ஜூன்ல கட்டணுமே" என்றார். அவளைக் கேட்டோம். "எனக்கு அந்த அப்பளக் கணக்குதான் பிடிச்சிருந்துச்சு அத்தை" என்றாள்.

ஜூலை 31-க்குள் பதிவு செய்தால் டிசம்பரில் எழுதலாம். முதல் குரூப்பின் நாலு தாளை மட்டும் எடுத்திருக்கிறாள். கப்பலூரில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள், காலை ஒன்பதரைக்குப் போனால் ஆறு மணிக்கு வீடு. ஆங்கிலத்துக்காக தினம் காலையில் சட்டப் பாடத்தில் இரண்டு பக்கம் சத்தமாகப் படித்து, புரிந்ததைத் தன் வார்த்தையில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறாள். நான் பஸ்ஸில் வரும்போது திருத்தி அனுப்புகிறேன். டிசம்பரில் குரூப் வராவிட்டால் ஜூனில் மறுபடி. அதிலும் வராவிட்டால் அந்த நோட்டீஸ் காகிதத்தை எடுத்து முதலிலிருந்து பேசுவோம் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். காகிதம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.